கல்யாணங்களை வைக்க ஓர் இடம்

சேலத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துதரும் கடைக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது, "லைட் எந்தக் கலர்ல போடட்டுங்க?" என்றுதான். வீடியோ எடிட்டிங் செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போயிருக்கிறேன். அவர்கள் ஆடிப் பண்டிகைக்குப் பந்தல் போடுவதைப்போல ஃபேனுக்குள் சீரியல் லைட் சுற்றித்தரப் பார்க்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஊதாவும் பச்சையும் மாறி மாறி ஓடும் வெளிச்சம். இதைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஆள் நானில்லை என்று சொன்னேன். எனக்கு வெளிச்சம் வேண்டாம், இடம் வேண்டும். அதைக் கேட்டு அங்கே நின்றிருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நானும் அவர்களை அப்படித்தான் பார்த்தேன்.

ஏற்காட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சீர், எஸ்டேட் துரைமார் வீட்டுப் பிறந்தநாள் எல்லாம் எடுப்பேன். எடுப்பதும் நான், எடிட் செய்வதும் நான். ஒரு கல்யாணத்தை எடுத்து முடித்தால் நானூறு ஜிபி வந்து விழும். மாப்பிள்ளை மூக்கைச் சொறிவதும், பந்தியில் ஒருவர் இரண்டாவது லட்டு கேட்பதும், மண்டபத்து வாசலில் நாய் படுத்திருப்பதும் சேர்த்து நானூறு. இதை எங்கே வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும். படம் எடுக்க யாரும் கற்றுக்கொள்ளலாம். எடுத்ததைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தவன் இந்த மலையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைக்கக் காரணமும் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், மழைக்காலத்து ஈரம் ஏறிவிடும் என்று ஹார்ட் டிஸ்குகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். கல்யாண வீட்டார் வந்து கேட்டால் கையை விட்டுத் துழாவி எடுத்து, தட்டிவிட்டுக் கொடுப்பார். இன்னொருவர் எல்லா டிஸ்கையும் வாடிக்கையாளரிடமே கொடுத்து, "நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க" என்று கையைக் கழுவிவிடுவார். அவர்கள் அதைப் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்து, நகையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். இவர்களெல்லாம் கடைக்கு முன்னால் 'டிஜிட்டல்' என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்ள முயன்றதும் இல்லை.

ஆனால் இவர்களைவிட மோசமானவர்கள் வாடிக்கையாளர்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே எல்லாப் படத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதிலிருந்து ஆல்பத்துக்கு வேண்டியதைப் பொறுக்கிக் கொடுத்து, வீடியோவுக்கு என்ன பாட்டு என்றும் சொல்லிவிட்டால் நான் வேலையைத் தொடங்கிவிடலாம். பொறுக்க வரமாட்டார்கள். ஐப்பசியில் கேட்டால் மழை. மார்கழியில் கேட்டால் காப்பி பறிப்பு. மாசியில் மிளகு பறிப்பு. சித்திரையில் பலாப்பழம். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. அது முடிந்தால் மறுபடி மழை. கேமராக்காரனைக் கூப்பிடும்போது மட்டும் நாள் தவறாமல், நேரம் தவறாமல், அட்வான்ஸோடு வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் அவர்கள் கல்யாணத்துக்கு என் வீட்டில்தான் குடித்தனம். நான்தான் அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். பழைய கம்ப்யூட்டர் நிரம்பி, தனித்தனி டிஸ்குகள் வாங்கி, அவை பதினொன்றாகி, கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிகளில் இருந்தன. என் மனைவி கூட்டும்போது விளக்குமாறால் கல்யாணங்களைத் தள்ளித் தள்ளிக் கூட்டுவாள்.

அதனால்தான் புதிய கம்ப்யூட்டர். தினசரிக் காலண்டரின் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் நானே படம் போட்டுத் திட்டம் எழுதினேன். கம்ப்யூட்டர் ஓட ஒரு சின்ன டிஸ்க், அதில் வேறெதுவும் வைக்கக் கூடாது. அன்றன்று எடிட் செய்கிற கல்யாணத்துக்கு வேகமான ஒன்று தனியாக. எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாக உண்டாக்கிக் குவிக்கிற குப்பைக்கு இன்னொன்று. கடைசியாக, எல்லாக் கல்யாணமும் கிடப்பதற்கு எட்டு டெராபைட்டில் பெரிய டிஸ்க் இரண்டு. இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் தானாக எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். அரிசி டின்காரர் இதைக் கனவிலும் யோசித்திருக்க மாட்டார். அட்டையை மனைவியிடம் காட்டினேன். "நொம்ப நல்லாத்தான் இருக்குதுங்க. கட்டிலுக்கடியில கூட்ட முடிஞ்சாச் சரி" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் ரசனை.

சேலத்துக் கடையில், கம்ப்யூட்டரைக் கோக்கிற ஆள் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், மூக்கு நுனியில் கண்ணாடி, குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பேச்சு. என் காலண்டர் அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"நல்லாப் போட்டிருக்கீங்க. இந்த ரெண்டு பெரிய டிஸ்கும் ஒண்ணாவே ஓடுதுங்களே, வெளிய தனியா ஒண்ணு வெப்பீங்களாங்க?"

"எதுக்கு? அதான் ரெண்டு இருக்குதுல்ல?"

"ரெண்டு இருந்தாலும் அது ஒண்ணுதானுங்க. டிஸ்க் செத்துப்போனா இது காப்பாத்தும். நாமளே தப்புப் பண்ணிப்போட்டா ரெண்டுலயும் சேந்துதானுங்க போவும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லைட் விற்க முடியவில்லை என்றதும் டிஸ்க் விற்கப் பார்க்கிறார், வேறென்ன. "தப்புப் பண்றவங்களுக்கு மூணு வாங்கிக்குடுங்க. எனக்கு ரெண்டு போதும்" என்றேன், கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க" என்று அட்டையை மடிக்காமல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். முதுகெலும்பில்லாத ஆள் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் தயாரானதும் போய் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து மேலே கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டிவியா என்று கேட்டார். பதில் சொல்லத் தகுந்த கேள்வி இல்லை என்பதால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் வைத்து, ஈரம் ஏறாமலிருக்கப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பதினோரு டிஸ்கையும் ஒவ்வொன்றாக உள்ளே கொட்டினேன். ஒன்பது நாள் ஆயிற்று. கொட்டக் கொட்டப் பழைய டிஸ்குகளைச் சுத்தமாக அழித்து விற்றும்விட்டேன். செருப்புப் பெட்டியில் தொழில் நடத்துகிற காலம் முடிந்தது என்று கர்வமாக இருந்தது.

நான் கல்யாணங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பெண் பெயரில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும், இங்கே நாலு வீட்டுக்கு ஒரு பெயர் திரும்பி வரும். அதனால் ஊர்ப் பெயரில் வைப்பேன். நாகலூர், குப்பனூர், வாழவந்தி என்று. இந்த மலையில் யாரும் யாரையும் ஊரை வைத்துத்தானே சொல்கிறார்கள். கல்யாண வீட்டாரே போன் செய்தால், "நாங்க வாழவந்திங்க" என்றுதான் தொடங்குவார்கள். அந்த ஆவணியில் வாழவந்தியில் எனக்கு இரண்டு கல்யாணம் வந்தது. ஒன்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மகளுடையது. அவர்தான் முதலில் வந்து நோட்டில் பதிந்துவிட்டுப் போனார். இன்னொன்று, காப்பியும் மிளகும் கொஞ்சம் தினையும் போட்டிருக்கும் ஒரு மலைக் குடும்பத்தில் மகனுக்குக் கல்யாணம். அவர்கள் பிறகுதான் வந்து பதிந்தார்கள், ஆனால் அவர்கள் முகூர்த்தம் ஐந்து நாள் முன்னால் வந்துவிட்டது. எடுத்த வரிசைப்படி மலைக் குடும்பத்துக்கு வாழவந்தி ஒன்று, ரைட்டர் மகளுக்கு வாழவந்தி இரண்டு என்று போட்டேன்.

ரைட்டர் படித்தவர், பொறுப்பானவர். ஒரு மாதத்தில் படம் பொறுக்கிக் கொடுத்து, தையில் ஆல்பமும் வீடியோவும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டு மலைக் குடும்பம் வழக்கம்போல மழை, காப்பி, மிளகு. மாப்பிள்ளையின் அம்மாதான் போனை எடுப்பார். "வாரமுங்க தம்பி, இந்தப் பறிப்பு முடியட்டுமுங்க" என்பார். நான் போனை வைத்துவிட்டு மனைவியிடம், இவர்களுக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடா என்று கத்துவேன்.

மாசியில் புதிய கல்யாணங்கள் வர இடம் தேவைப்பட்டது. முடித்துக் கொடுத்த வேலைகளை அழிக்க உட்கார்ந்தேன். நோட்டைப் புரட்டினேன். நோட்டில் வாழவந்தி என்று முதலில் இருந்தது ரைட்டர். முடிந்தது, கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டரில் 'வாழவந்தி ஒன்று' என்றிருந்ததைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் நேராக அழிகிற விதத்தில் அழித்தேன். குப்பைத் தொட்டியில் போட்டு வைத்திருந்து பிறகு அழிப்பது பயந்தாங்கொள்ளிகள் வேலை என்பது என் கொள்கை. இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் ஒரே நொடியில் அதை மறந்துபோயின. அந்த இடத்தில் மாசிக் கல்யாணங்களையும் பங்குனிக் காதுகுத்துகளையும் கொட்டினேன்.

வைகாசியில் திருவிழாக் கூட்டம் வடிந்து வேலை இல்லாமல் இருந்த ஒரு காலை, அந்த மலைக் குடும்பம் இனி இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை, நானே பொறுக்கி நானே முடித்து அவர்கள் முகத்தில் வீசிவிடலாம் என்று வாழவந்தி இரண்டைத் திறந்தேன். ரைட்டர் மகள் பட்டுப்புடவையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் அவளே சிரித்தாள். நோட்டை எடுத்து முகூர்த்தத் தேதிகளைப் பார்த்தேன்; மாசியில் நான் அழித்தது மலைக் குடும்பத்தின் கல்யாணம்.

அழிந்ததை மீட்டுத்தரும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு இரண்டு நாள் ஓடவிட்டேன். கடைசியில் கிடைத்தது, யாரோ ஒருவர் இலையில் பாயசம் ஊற்றுகிற கை. கை மட்டும், நாலு வினாடி. கேமராக் கார்டுகளைப் பத்து முறையாவது அழித்து அழித்து எழுதியிருந்தேன். மறுநாள் கொடுத்த பென் டிரைவில் போட்டோக்கள் மட்டும்தான், வீடியோ ஒரு துண்டுகூட இல்லை. சேலத்துக் கடைக்குப் போன் செய்தேன். அந்த மூக்குக்கண்ணாடிக்காரர்தான் எடுத்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "வெளிய தனியா எதுவும் இல்லீங்களா?" என்றார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவும் அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

இந்தத் தொழிலில் இதற்கென்று ஒரு பொய் இருக்கிறது. 'கார்டு கரப்ட் ஆகிவிட்டது' என்பது. அது யார் குற்றமும் இல்லை, கடவுள் செயல் மாதிரி. அரிசி டின்காரர் இதுவரை மூன்று வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறார், நான் அதை வைத்து அவரை ஊரெல்லாம் கேலி செய்திருக்கிறேன். இப்போது நான் கண்ணாடி முன்னால் நின்று அதையே சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

"ஏனுங்க, பொய்யும் சொல்ல வேண்டாம், ஒளியவும் வேண்டாம். போயி நேராச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள் மனைவி. அவளுக்கென்ன. வாழவந்தி, நாகலூர் பக்கத்துக் கல்யாணங்கள்தான் என் சோறு. ஒரு வீட்டின் கல்யாணத்தை அழித்தவன் என்று பெயர் வந்தால் காதுகுத்துக்குக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதைவிட, அவர்கள் கல்யாண வீடியோ இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை என்பதை என் வாயால் சொல்ல வேண்டும். நான் பயந்தேன், வேறு வார்த்தை போட்டு மெழுக ஒன்றுமில்லை.

வாழவந்திக்குப் போனபோது மாப்பிள்ளையின் அம்மா வாசலில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். மகன் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "வாங்க தம்பி, வாங்க. நாங்கதான் வரோணும், உங்கள நடக்க வெச்சுட்டமுங்க" என்றார் அந்த அம்மா. ஒரு தட்டு நிறையச் சுளை வந்தது. நான் கார்டு என்று தொடங்கினேன். அவர் அறுப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். மீதிப் பொய் வரவில்லை.

"நான் அழிச்சுப்போட்டனுங்க. உங்க கல்யாண வீடியோவ. தெரியாம, வேற கல்யாணம்னு நெனச்சு."

"அல்லாமுங்களா?"

"அல்லாமுங்க."

அவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்த்தாள். திட்டுவதற்கு யார் தொடங்குவது என்று பேசிக்கொள்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுக்கா மொகம் இப்படி வாடிக் கெடக்குது? சொளையத் தின்னுங்க மொதல்ல" என்றார் அம்மா. "எங்ககிட்டத்தான் இருக்குதுங்களே. என் தங்கச்சி போன்ல எடுத்தது. அன்னிக்கிருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கறமுங்க. ஊட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அதத்தான் காட்டறது."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏனுங்க ஒன்பது மாசமா வர்றேன் வர்றேன்னு சொன்னீங்க?"

அவர் வெட்கப்பட்டார். மருமகள்தான் சொன்னாள். "எங்களுக்கு இதே போதும்னு சொன்னா நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு அத்தை சொன்னாங்க அண்ணா. அவ்வளோ பெரிய கேமராவ வெச்சுக்கிட்டு நாளெல்லாம் நின்னீங்களே, பாவம். அதான் பறிப்பு, பறிப்புன்னு சொல்லிக்கிட்டிருந்தமுங்க."

ஒன்பது மாதம் நான் இவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டியிருக்கிறேன். ஒன்பது மாதமும் இவர்கள் எனக்காகப் பாவப்பட்டிருக்கிறார்கள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். கையிலிருந்த சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மருமகள் போனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் என் இரண்டு தோளுக்கும் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். நூறு முறை பார்த்திருப்பார்கள், முதல் முறை பார்ப்பதுபோல ஆசையாக நின்றார்கள். நெட்டுக்குத்தாகப் பிடித்த வீடியோ. ஓயாமல் ஆடியது. ஓரத்தில் அந்தத் தங்கச்சியின் கட்டைவிரல் பாதி நேரம் இருந்தது. வெளிச்சம் மோசம், சத்தம் மோசம், எல்லாமே மோசம். இப்படி ஒன்றை யாராவது எடுத்துவந்து காட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் எல்லோரும் இருந்தார்கள். மாப்பிள்ளை மணைக்கு வரும் வழியில் யாரோ கிள்ளி அவன் துள்ளுவது இருந்தது. அந்த அம்மா அடுப்படிக்கும் பந்தலுக்கும் ஓடுவது இருந்தது. பெண் அழுது முடித்து மூக்கைச் சிந்துவது இருந்தது. இந்த இடம் வரும்போதெல்லாம் மாமியார் சிரிப்பாராம், இப்போதும் சிரித்தார்.

மேளம் வேகமெடுத்தது. எல்லோரும் எழுந்தார்கள், கையில் அட்சதை. அந்தச் சமயத்தில் ஒரு கட்டம் போட்ட சட்டை குறுக்கே வந்து நின்றது. திரை முழுவதும் சட்டை. தங்கச்சி இடப்பக்கம் நகர்ந்தார், சட்டையும் நகர்ந்தது. வலப்பக்கம் போனார், சட்டையும் போனது. "ஏனுங்க கேமராக்காரரே, கொஞ்சம் தள்ளிக்குங்க, நாங்களும் பாக்கோணும்" என்று போனுக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது. கட்டம் போட்ட சட்டை திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, ஈயை விரட்டுவதுபோல இரண்டு முறை ஆட்டியது. அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். வீட்டில் கொடியில் காய்கிறது.

"நீங்கதானுங்க" என்றார் அம்மா, நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லையோ என்று.

முதுகுக்கு மேலே அட்சதை பறந்து விழுந்தது. குலவைச் சத்தம் கேட்டது. "தாலி கட்டறது?" என்று கேட்டேன்.

"கட்டறாங்க அண்ணா, இப்பத்தான்" என்றாள் மருமகள், திரையில் என் முதுகை விரலால் தொட்டுக் காட்டி. "உங்களுக்கு அந்தப் பக்கம்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, இடம் காட்டுவதற்காகத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் நடந்ததை வீடியோ எடுத்திருந்தது என் கேமரா மட்டும்தான்.